குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால்: யாரிடம், எந்த உதவியை, எப்படிக் கேட்பது

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்குத்தான். அதிலும் மருத்துவமனையில் ‘ஏ.எல்.எல்.’ (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வகைதான் மிகுதி. சிகிச்சையை இடையில் விடாமல் முழுமையாக முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்நோயிலிருந்து மீண்டு, பள்ளிக்கும் விளையாட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள். இதைப் பெற்றோர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. முதல் நான்கைந்து வாரங்களில் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழியும். அதன்பின் பல மாதங்களுக்குக் கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கும் ரத்தப் பரிசோதனைக்குமாக அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். கடைசியாக ஓராண்டுக்கும் மேலாக வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக்கொண்டு, குறித்த நாளில் மட்டும் மருத்துவமனைக்குச் செல்லும் காலம் வரும்.

இந்த நீளத்தை முன்னிட்டே துணையைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்தி பரவிய முதல் வாரத்தில் வார்டு வாசலில் உறவினர் கூட்டம் நிற்கும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவியும். நான்காவது மாதத்தில், தாய் தூக்கமின்றித் தளர்ந்து, தகப்பன் வேலையில் விடுப்பெல்லாம் தீர்ந்து, மூத்த பிள்ளை தேர்வுக்குப் படிக்காமல் நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அன்பு குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களிடம் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். ஆகவே முதல் வாரத்து நல்லெண்ணத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கும் பகிர்ந்து வைத்துக்கொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மாவட்டத்திலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ புதுச்சேரிக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், இதில் பலவும் தலசீமியா, சிறுநீரக நோய் போன்ற நெடுநாள் நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் பொருந்தும்.

வார்டிலேயே தொடங்குங்கள்

துணையை வெளியே தேடுவதற்கு முன்னால், நீங்கள் நிற்கும் இடத்திலேயே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்குத் தொலைதூரக் குடும்பங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருப்பதால், உங்களுக்கு இன்று எழும் கேள்விகள் அங்கே பலமுறை கேட்டு, விடை கண்டவைதான். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். தங்குமிடம், அறக்கட்டளை உதவி, பயணச் சலுகைச் சான்று, காப்பீட்டு விண்ணப்பம் ஆகியவற்றுக்கு வழிகாட்டுவது அவருடைய பணி. அவரை எங்கே பார்க்கலாம் என்று வார்டு சிஸ்டரிடம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கேட்டுவிடுங்கள். கையில் பணம் இருக்கும்போதே அவரைச் சந்திப்பது நல்லது. ஏனென்றால் பல உதவிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், ஏற்கெனவே கட்டிவிட்ட தொகை பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

அடுத்தவர், பக்கத்துப் படுக்கைத் தாய். ஐந்தாறு மாதங்களாக அந்த வார்டுக்கு வந்துபோகும் ஒரு தாய்க்குத் தெரிந்த நடைமுறை, எந்தக் கையேட்டிலும் இருக்காது. வெந்நீர் எங்கே கிடைக்கும், பரிசோதனை முடிவை எந்தச் சன்னலில் வாங்க வேண்டும், கீமோ நாளில் காலையில் குழந்தைக்கு எதைக் கொடுத்தால் வாந்தி வராது என்பனவெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எடுத்துக்காட்டாக, முதல் மாதத்தில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையால் குழந்தைக்கு அடங்காத பசி எடுக்கும். நள்ளிரவில் எழுந்து தோசை வேண்டும் என்று அடம்பிடித்து அழும், தட்டில் வைத்தால் தள்ளிவிட்டுத் தயிர்சாதம் கேட்கும், அம்மாவை அடிக்கும், முகம் வீங்கி, வேறு குழந்தைபோல் தோன்றும். முதன்முறை இதைப் பார்க்கும் தாய், பிள்ளையின் சுபாவமே மாறிவிட்டதோ என்று கலங்கிப்போவார். அப்போது பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, தன் தூக்கில் மிச்சமிருந்த இட்லியை நீட்டி, “மாத்திரை நின்னதும் பழையபடி ஆயிடுவான் அக்கா, என் பொண்ணும் இப்படித்தான் இருந்தா” என்று சொல்வதற்கு ஈடான ஆறுதலை மருத்துவராலும் தர இயலாது.

அந்தப் பெண்ணின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்திலிருந்தே வருபவர் ஒருவர் இருந்தால், இருவர் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் பரிசோதனை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்; கிடைத்தால் பயணத்தில் ஒருவருக்கொருவர் துணை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். மற்றப் பெற்றோரிடமிருந்து நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரே நோய்ப் பெயர் இருந்தாலும், நோயின் தீவிரத்தைப் பொறுத்துக் குழந்தைக்குக் குழந்தை மருந்தும் அளவும் மாறும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை வார்டில் ‘கவுண்ட்’ என்பார்கள். ‘அவங்க பிள்ளைக்குக் கவுண்ட் ஏறிடுச்சு, நம்ம பிள்ளைக்கு ஏன் ஏறலை’ என்ற ஒப்பீடு வார்டுகளில் பல தாய்மாரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள், பக்கத்துப் படுக்கையிடம் வேண்டாம்.

தங்குமிடமும் சாப்பாடும்

மருத்துவமனையிலிருந்து விடுவித்த பின்னும் பல வாரங்கள் அருகிலேயே தங்கச் சொல்வார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்பதே அதற்குக் காரணம். விடுதி அறைக்கு வாடகை கொடுத்தே பல குடும்பங்கள் கடனாளியாகின்றன. சில குடும்பங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஊர் திரும்பி, சிகிச்சையையே பாதியில் விட்டுவிடுகின்றன. இதைத் தடுப்பதற்கென்றே செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் என்ற அமைப்பு 2006-இல் மும்பையில் தொடங்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கக்கூடிய இல்லங்களை அது நடத்துகிறது. சென்னையிலும் வேலூரிலும் அதற்கு இல்லங்கள் உண்டு. நேரடியாகச் சென்று கதவைத் தட்டுவதைவிட, சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை வழியாகப் பரிந்துரை பெறுவதே முறை என்பதால், சமூகப் பணியாளரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இத்தகைய இல்லத்தில் கிடைக்கும் பெரிய நன்மை அறை மட்டுமன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பும் பொதுவான கூடமும் இருக்கும். மொட்டைத் தலையுடன் விளையாடும் பத்துக் குழந்தைகளுக்கு நடுவே உங்கள் குழந்தையைத் தனியாகப் பார்ப்பவர் எவரும் இருக்கமாட்டார்கள்.

பணமும் தாளும்: இதை ஓர் உறவினரிடம் ஒப்படையுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். சிறு குழந்தைகளின் பெயர் சேர்க்கப்படாமல் இருப்பதாலேயே பல விண்ணப்பங்கள் தடைபடுகின்றன.

இவ்வளவு அலைச்சலையும் வார்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெற்றோர் செய்ய முடியாது. எனவே சித்தப்பாவோ தாய்மாமாவோ, அலுவலகங்களில் பேசிப் பழகிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “இனி எல்லாத் தாளும் உங்க பொறுப்பு” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நோயறிக்கை, சேர்க்கைச் சீட்டு, மருத்துவரின் செலவு மதிப்பீடு ஆகியவற்றின் படிகள் எப்போதும் அவர் கைபேசியில் இருக்க வேண்டும். பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பதும் அவர் வேலைதான். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்றே சென்னையில் 2002 முதல் இயங்கிவரும் ரே ஆஃப் லைட் போன்ற அறக்கட்டளைகளை மருத்துவமனை மூலமாக அணுகலாம்.

பயணத்துக்கு ரயில்வே சலுகை உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. இதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும். சென்னைக்குள் தாய் மட்டும் போய்வரும் வேளைகளில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை.

இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதாக இருந்தால், குழந்தையின் படத்தைப் போடுவதற்கு முன் ஒருகணம் யோசிக்க வேண்டும். குழாய்கள் செருகி, அழுதுகொண்டிருக்கும் படத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் எங்கோ இருக்கும். சிகிச்சைக்கு முன் எடுத்த, சிரித்த முகப் படமும் மருத்துவமனையின் மதிப்பீட்டுத் தாளுமே போதுமானவை. பணம் நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும்படி அமைப்பது, கொடுப்பவருக்கும் உங்களுக்கும் நிம்மதி தரும்.

ரத்தம் கொடுப்போர் பட்டியல்

உங்களைச் சுற்றியுள்ளவர்களில் பணம் கொடுக்க முடியாதவர்களும் முழு மனத்துடன் செய்யக்கூடிய உதவி இது. கீமோவின்போது ரத்தச் சிவப்பணுவும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்ற தட்டணுவும் வேகமாக இறங்கும். சிவப்பணுவைச் சில வாரங்கள் குளிரூட்டி வைக்கலாம், பிளேட்லெட்டை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால்தான் வார்டில் திடீரென்று, “நாளைக்குள்ள ஒரு எஸ்டிபி டோனர் வேணும்” என்று சொல்வார்கள். ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரத்தின் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து, மீதி ரத்தத்தை அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்தும் முறைதான் எஸ்டிபி. அதற்கு ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடவோ ஆகும். கொடையாளரின் கையில் நல்ல நரம்பு இருக்க வேண்டும். அண்மையில் அவர் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டிருக்கக் கூடாது.

இந்த அழைப்பு வந்தபின் கொடையாளரைத் தேடத் தொடங்கினால், மாலை ஆறு மணிக்கு நாற்பது பேருக்குப் பேசிய பிறகும் ஒருவர் அமையமாட்டார். ஒருவர் ஊரில் இல்லை என்பார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தேன் என்பார். ஒருவருக்குச் சர்க்கரைக்கு ஊசி. ஒருவர் போனை எடுக்கவேமாட்டார். ஆகவே முதல் மாதத்திலேயே ஒரு நோட்டில் கோடு போட்டு, பெயர், ரத்த வகை, வயது, இருக்கும் பகுதி, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தக் கிழமையில் வர முடியும் என்று எழுதி வைக்க வேண்டும். 18 முதல் 65 வயது வரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாதவர்கள் ரத்தம் கொடுக்கலாம். முழு ரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். பிளேட்லெட் மட்டும் கொடுக்க எடை முதலியவற்றில் ரத்த வங்கிக்குக் கூடுதல் நிபந்தனைகள் இருக்கும் என்பதால், அதற்கு உகந்தவர்களை முன்கூட்டியே ஒருமுறை வரவழைத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகள், தகப்பன் வேலை செய்யும் இடத்துத் தொழிற்சங்கம், நடிகர்களின் ரசிகர் மன்றங்கள், அரசியல் கட்சிகளின் இளைஞர் அணிகள், பள்ளிவாசல் ஜமாஅத்துகள், தேவாலய இளைஞர் குழுக்கள் ஆகியவை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ரத்ததானம் செய்து பழகியவை, கூப்பிட்டால் வருவார்கள். சென்னையில் உங்களுக்கு உறவினர் எவரும் இல்லாவிட்டாலும் உங்கள் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். விடுதிகளில் தங்கி வேலைபார்க்கும் உங்கள் ஊர் இளைஞர்களை ஒன்றுசேர்க்க, ஊரில் ஒருவர் முனைந்தால் ஒரே நாளில் முடியும். இந்த நோட்டையும் அழைப்புகளையும் கவனிக்கும் பொறுப்பைத் தாயிடம் விடாதீர்கள். வெளியே இருக்கும் ஓர் இளைஞரிடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், சித்தப்பா போன்ற நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தை இக்குழந்தைகளுக்கு ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அல்லது தனிமுறையில் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றுவார்கள். உறவினர் கொடுக்க விரும்பினால், ரத்த வங்கிக்கு ஈடாகக் கொடுக்கலாம். அது வேறொரு குழந்தைக்குப் பயன்படும்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க”

இப்படிச் சொல்பவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் களைத்துப்போன தாயால் அந்த நேரத்தில் யோசித்து ஒரு வேலையைச் சொல்ல முடியாது. “பரவாயில்லை, பார்த்துக்கறோம்” என்றுதான் வாயில் வரும். அத்துடன் அந்த உதவி முடிந்துவிடும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, வேலைகளை முன்னதாகவே சிறு சிறு துண்டுகளாக எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவரின் கையில் ஒன்றைக் கொடுத்துவிடுவதுதான்.

எதிர்வீட்டு அக்காவிடம், “செவ்வாய்க்கிழமைதோறும் பெரியவனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுங்க அக்கா” என்று சொல்லலாம். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் வாரத்தில் இரு மாலை கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்கலாம். மாமியாரால் மருத்துவமனைக்கு வர முடியாவிட்டாலும், மாவு அரைத்துக் கொடுத்தனுப்ப முடியும். நாளும் ஆளும் வேலையும் தெளிவாக இருந்தால் மக்கள் தவறாமல் செய்வார்கள். இவற்றில் ஒன்று தெளிவில்லாமல் இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள்.

எல்லா வேலைகளிலும் முக்கியமானது இரவு வண்டி. கவுண்ட் இறங்கிய நிலையில் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அது அவசரநிலை. காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. எந்நேரமானாலும் மருத்துவக் குழுவை அழைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். ஆகவே கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனை ஆட்டோ ஓட்டுநர் என்று இரண்டு பேரிடமாவது முன்னரே பேசி வைத்து, அவர்கள் போன் இரவில் அணைக்கப்படாமல் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் இல்லாத நேரத்துக்கு 108 இருக்கிறது.

பிறரிடம் கொடுக்கக் கூடாத வேலை ஒன்றும் உண்டு. வீட்டில் மாத்திரை கொடுக்கும் காலத்தில் மெர்காப்டோபூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கப்படும். வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் மருந்துக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு. அவர் கொடுத்ததும் நாட்காட்டியில் குறிப்பார். அவர் இல்லாத நாளில் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் இன்னொருவர் கொடுப்பார்.

செய்தி சொல்லும் வேலையையும் பிரித்துவிடுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் தாயே முதலிலிருந்து நோயை விவரிப்பது, ஒவ்வொரு முறையும் அந்த முதல் நாளுக்கே திரும்பிச் செல்வதாகும். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அத்தையோ சிற்றப்பாவோ வாரம் ஒருமுறை, “கவுண்ட் ஏறியிருக்கிறது, வியாழக்கிழமை அடுத்த கீமோ, இந்த வாரம் யாரும் நேரில் வர வேண்டாம், ஓ பாசிட்டிவ் ஒருவர் வேண்டும்” என்று எழுதினால் போதும். அதிலேயே சில விதிகளையும் எழுதிவிடலாம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம். கைகழுவாமல் குழந்தையைத் தொட வேண்டாம். வெட்டிய பழமும் வெளித் தின்பண்டமும் கொண்டுவர வேண்டாம். தாய் சொன்னால் முகம் சுளிக்கும் உறவினர், குழுவில் எல்லாருக்குமாக எழுதினால் ஏற்றுக்கொள்வார்.

காயப்படுத்தும் பேச்சு

நோயைவிட இது கொடுமையானது என்று தாய்மார் பலர் சொல்வதுண்டு. “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே” என்பதும், “மாசமா இருந்தப்ப என்னத்தைச் சாப்பிட்ட” என்பதும், “பிறந்த நேரம் சரியில்லை” என்பதும் பெரும்பாலும் தாயை நோக்கியே வரும். ஏ.எல்.எல். பெற்றோர் செய்த எதனாலும் வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பரம்பரையாக வந்ததுமன்று. இதைத் தாய் சொன்னால் வீட்டில் எடுபடாது என்பதே நம் குடும்பங்களின் நிலை. எனவே அவ்வாறு பேசும் பெரியவரையே ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவரிடம், “இவங்களுக்கு நீங்களே ஒருதடவை சொல்லுங்க” என்று கேட்பது நல்ல பலனைத் தரும். அந்த உரையாடலைக் கேட்டு வந்த மாமியாரே பின்னர் மருமகளுக்காகப் பிறரிடம் வாதாடுவதையும் காணலாம்.

நாட்டு மருந்து, இலைச்சாறு, சூரணம் என்று கொண்டு வருபவர்களிடம் சண்டையிட வேண்டாம். வாங்கி வைத்துவிட்டு, “டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கொடுக்கிறோம்” என்று சொல்லுங்கள். கீமோவுடன் சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை அவற்றில் இருக்கலாம். ஆகவே கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. வேண்டுதல் கயிற்றுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. தீர்த்தம் மட்டும் வேண்டாம் என்பார்கள்.

மற்றப் பிள்ளைகளும் பள்ளியும்

அத்தை வீட்டில் விட்டுவரும் மூத்த பிள்ளை, அம்மா தன்னை மறந்துவிட்டாள் என்றே நினைக்கும். அதை வாய்விட்டுச் சொல்லாது. படுக்கையை நனைப்பதும் மதிப்பெண் இறங்குவதும் அதன் வெளிப்பாடுகள். அதன் வகுப்பாசிரியரிடம் நேரில் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அம்மா வீடியோவில் பேசுவதென்று வைத்துக்கொண்டு, எக்காரணத்தாலும் அதைத் தவறவிடாதீர்கள்.

நோயுற்ற குழந்தையின் பள்ளியைப் பொறுத்தவரை, தலைமையாசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, வருகைப்பதிவுக்கும் தேர்வுக்கும் என்ன செய்யலாம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். அதைவிட அவசரமானது, வகுப்பில் எவருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு அவை மிகக் கடுமையாகக் காணக்கூடும். தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் மருத்துவமனைக்குத் தெரிவித்தால் தடுப்பு மருந்து கொடுக்க வழியுண்டு. நம் வீடுகளில் அம்மை போட்டிருப்பதை வெளியே சொல்லாமல் மறைக்கும் வழக்கம் இருப்பதால், ஆசிரியரும் அண்டை வீட்டாரும் இதன் காரணத்தை நன்றாகப் புரிந்துகொள்ளும்படி பொறுமையாக விளக்க வேண்டும். குழந்தை திரும்பி வருவதற்கு முதல்நாள், முடி ஏன் கொட்டியது, மறுபடி முளைக்கும், தொட்டால் ஒட்டாது என்று ஆசிரியர் வகுப்பில் பத்து நிமிடம் பேசினால், கேலி பெரும்பாலும் எழாது.

தகப்பனும் தாயும்

ஊரில் வேலையை விட முடியாமல் தனியே இருக்கும் தகப்பனை எவரும் விசாரிப்பதில்லை. ‘பிள்ளை எப்படி இருக்கு’ என்று கேட்பவர் ‘நீ எப்படி இருக்கே’ என்று கேட்பதில்லை. இரவில் தனி வீட்டில் அவர் படும் பாட்டைத் தாயும் அறியமாட்டார். அவருடைய நண்பர்களில் ஒருவர் வாரத்தில் ஓரிரவு அவருடன் சாப்பிட வருவதை ஒரு வேலையாகவே ஏற்கலாம். தாய்க்கோ, மருத்துவமனையில் மாற்றாள் வந்து, வாரத்தில் ஓர் இரவாவது முழுத் தூக்கம் கிடைத்தே ஆக வேண்டும். தூக்கமே வராமல், அழுகை நிற்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இந்த மனநல உதவி எண் 2022 முதல் இயங்குகிறது. எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

வலித்தணிப்புச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். வலி, வாந்தி, தூக்கமின்மை, பெற்றோரின் மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவு அது. நோய் குணமாகும் சிகிச்சையுடன் சேர்த்தே அதைப் பெறலாம். மருந்துக்கு நோய் கட்டுப்படாத நிலை வந்து, குழந்தையை ஊருக்கு அழைத்துச் செல்ல முடிவெடுக்கும் குடும்பங்களுக்கும் அதன் துணை தொடர வேண்டும். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து செய்யும் வலித்தணிப்புச் சேவையும் அடங்கும் என்பதால், கிளம்பும் முன்னரே உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு மருத்துவமனையிலிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உறவினர் செய்யக்கூடியது, அறிவுரை எதுவும் சொல்லாமல் உடனிருந்து, அடுப்படியையும் வாசலையும் பார்த்துக்கொள்வது.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி மாத்திரை முடிந்த நாளில் ஊரே வாழ்த்தும்; மறுநாளே எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். பெற்றோருக்குப் பயம் அப்போதுதான் கூடும். சிறு காய்ச்சலுக்கும் கழுத்தில் தட்டுப்படும் சிறு நெறிக்கும் நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மறுபரிசோதனை அடிக்கடி இருக்கும். அதன்பின் இடைவெளி நீளும். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முதல்நாள் தூக்கம் வராது என்பதால் அந்த நாட்களுக்கென்று ஒரு துணையை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மிகப் பொருத்தமானவர் உங்களுடன் வார்டில் இருந்த இன்னொரு தாயே. குழந்தைகளின் புற்றுநோய்க்கென்றே 2004 முதல் இயங்கும் கேன்கிட்ஸ் என்ற தொண்டு அமைப்பில் பெற்றோர் குழுக்களும், நோயிலிருந்து மீண்டு வளர்ந்தவர்களின் குழுவும் உண்டு. உங்கள் குழந்தையைவிடப் பத்து வயது மூத்த, இதே நோயிலிருந்து மீண்டு வேலைக்குப் போகும் ஒருவரை அங்கே நேரில் பார்ப்பது பெற்றோரின் மனத்தை வெகுவாகத் தேற்றும்.

கொடுத்த மருந்துகள், மொத்த அளவு, கதிர்வீச்சு அளித்திருந்தால் அதன் விவரம், இதயப் பரிசோதனை முடிவுகள் ஆகியவை அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, ஒரு படியை ஃபைலிலும் ஒரு படியைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகளின் விளைவு பல ஆண்டுகள் கழித்துத் தெரியக்கூடும் என்பதால் குழந்தை பெரியவனானபின் பார்க்கும் மருத்துவர்களுக்கும் அது தேவைப்படும். நிறுத்தி வைத்த தடுப்பூசிகளை எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக் கொடையாளர் நோட்டைப் பரணில் போட்டுவிடாமல், அதில் உள்ளவர்களிடம் ஒப்புதல் கேட்டு, சமூகப் பணியாளர் வழியாக வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுங்கள்.